நடுவுல ஒரு சீட்டைக் காணோம்!

வண்ணாரப்பேட்டையில 'சீட்டு'ங்கிற ஒத்தை வார்த்தைக்கு ஏகப்பட்ட அர்த்தம் உண்டு பாஸ். அம்மாவுக்குச் சீட்டுன்னா மாசம் பொறந்தா கட்ட வேண்டிய ஏலச் சீட்டு. பாட்டிக்கு தீபாவளிச் சீட்டு. எம்.சி. ரோடு ஜவுளிக்கடை அண்ணனுக்கு பில் போடற துண்டுச் சீட்டு. எக்ஸாம் ஹால்ல இதுக்கு வேற ஒரு அர்த்தம் இருக்கு. அதைப் பத்திப் பேசினா இந்தப் பக்கத்தோட சீட்டையே கிழிச்சிடுவாங்க. இதுக்கெல்லாம் வீட்டுல சண்டை வராது. நீங்க பாக்கெட்லேருந்து ஒரு கட்டை உருவி, 52 சீட்டையும் கலைச்சுப் போட்டீங்கன்னா மட்டும் உள்ளேயிருந்து ஒரு குரல்: "உருப்படுவியாடா நீ?"

கேரம் போர்டுக்கு இந்தப் பிரச்னையே கிடையாது. நம்ம புதுவண்ணாரப்பேட்டை காசிமா 2024-ல அமெரிக்கா போய், கேரம் உலகக் கோப்பையில 3 தங்கம் அடிச்சுட்டு வந்தாங்க. தமிழக அரசு 1 கோடி ரூபாய் பரிசு கொடுத்துச்சு. ஏரியாவே தூக்கி வெச்சுக் கொண்டாடிச்சு. தெருமுனையில அதே குண்டு பல்பு வெளிச்சத்துல, பக்கத்துப் பக்கத்துல நடக்கற ரெண்டு ஆட்டம். ஒண்ணுக்கு மாலை, இன்னொண்ணுக்கு செருப்படி. ஏன்?

நியாயமாப் பார்த்தா வீட்டுல இருக்கறவங்க கோபம் சீட்டு மேல இல்லீங்க. சீட்டுக்கு நடுவுல கிடக்கற காசு மேல. அந்தக் காசை எடுத்துட்டுப் பார்த்தா சீட்டாட்டம்ங்கிறது மூளையைச் சாணை பிடிக்கற சமாசாரம். முக்கியமா ஒரு வகை இருக்கு. ரெண்டே பேர், கொஞ்சூண்டு சீட்டு, எதிராளி கையில என்ன இருக்குன்னு துப்பறியணும். நாலு பேர் கேங்ல ஒருத்தன் அரியர் எழுதப் போயி, இன்னொருத்தன் 'முக்கியமான வேலை'ன்னு மெரினா பக்கம் போயி, மிச்சம் ரெண்டு பேர் கேன்டீன்ல கொட்டாவி விட்டுக்கிட்டிருக்கற நாளுக்குன்னே செஞ்ச ஆட்டம்!

இந்த வகையோட தாத்தா நமக்கெல்லாம் தெரிஞ்ச ஆளுதான். ராஜா, ராணி, மந்திரி, திருடன், போலீஸ். நோட்டுப் பேப்பரைக் கிழிச்சு, மடிச்சு, குலுக்கிப் போட்டு எடுப்போமே அதேதான். போலீஸ் சீட்டு எடுத்தவர் மத்தவங்க மூஞ்சியைப் பார்த்தே திருடன் யாருன்னு சொல்லணும். திருடன் சீட்டு எடுத்தவன் மூஞ்சி அன்னிக்குன்னு பார்த்து அப்பாவியா ஆகும். இதை ரெண்டு பேர் மட்டும் ஆடிப் பாருங்களேன். ரெண்டே சீட்டு: ஒண்ணு போலீஸ், ஒண்ணு திருடன். நான் போலீஸ்னா நீ திருடன். ஆட்டம் ஓவர்!

ரெண்டு பேர் ஆட்டத்துல இருக்கற சிக்கலே இதுதான். என்கிட்ட இல்லாததெல்லாம் உன்கிட்ட இருக்குன்னா அப்புறம் துப்பறிய என்ன இருக்கு? இதுக்கு உலகம் முழுக்க ஆட்டம் கண்டுபிடிக்கறவங்க ஒரே வைத்தியம்தான் வெச்சிருக்காங்க. ஒரு சீட்டை எடுத்து, யாருமே பார்க்காம, நடுவுல கவுத்து வெச்சுடறது. அவ்வளவுதான். உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த ஒத்தைச் சீட்டு வந்ததும் 'நீ திருடன்'ங்கிறது 'நீ திருடனா இருக்கலாம்'னு மாறிடுது. அந்த 'லாம்'லதான் மொத்த சுவாரஸ்யமும்.

இந்த வகையிலேயே ரொம்பக் குட்டி ஆட்டத்துக்கு மூணே மூணு சீட்டு போதும். 1950-ல ஹெரால்டு கூன்ங்கிற அமெரிக்கக் கணித ஆசாமி ஆராய்ச்சிக்காகவே யோசிச்சது. பேரும் அவர் பேருதான்: கூன் போக்கர். கட்டுலேருந்து ஒரு ராஜா, ஒரு ராணி, ஒரு ஜாக்கி எடுத்துக்கோங்க. ராஜா பெருசு, அடுத்து ராணி, கடைசி ஜாக்கி. ஆளுக்கு ஒரு சீட்டு. மூணாவது நடுவுல கவுந்து கிடக்கும். காசுக்குப் பதிலா வேர்க்கடலை. (வறுத்ததா இருந்தா ஆட்டம் முடியறதுக்குள்ள காலியாயிடும், முன்னெச்சரிக்கையா ரெண்டு பொட்டலம் வாங்கிக்கோங்க.)

ஆளுக்கு ஒரு கடலை நடுவுல வெச்சு ஆரம்பிக்கணும். முதல் ஆள் தன் சீட்டைப் பார்த்துட்டு 'ஏத்தறேன்'னு இன்னொரு கடலை வெக்கலாம், இல்லை சும்மா விடலாம். ஏத்தினா, எதிராளி ஒண்ணு பதிலுக்கு வெச்சு சீட்டைத் திறந்து பார்க்கலாம், இல்லை 'ஆளை விடு'ன்னு கவுத்துட்டுப் போகலாம். முதல் ஆள் சும்மா விட்டா, ரெண்டாவது ஆள் தானும் சும்மா விட்டு சீட்டைத் திறக்கலாம், இல்லை அவர் ஏத்தலாம். அவர் ஏத்தினா முதல் ஆள் ஈடு வெக்கணும், இல்லை கவுத்துடணும். முடிஞ்சுது. பெரிய சீட்டு வெச்சிருக்கறவருக்குக் கடலை.

இதுல என்ன இருக்குன்னு தோணுதா? ஒரு இருபது ரவுண்டு ஆடுங்க. உங்க கையில ராணி. எதிராளி ஏத்தறான். அவன்கிட்ட ராஜா இருக்கு, இல்லை ஜாக்கி இருக்கு. ராஜான்னா நிஜமாவே ஏத்தறான். ஜாக்கின்னா உதார் விடறான். எது?

உதாரே விடாத ஒரு நல்ல பையனை நினைச்சுக்கோங்க. அவன் ஏத்தினாலே ராஜாதான்னு ரெண்டு நாள்ல ஊருக்கே தெரிஞ்சுடும். ராணி வெச்சிருக்கறவர் உடனே கவுத்துட்டுப் போயிடுவார். நல்ல பையனுக்கு ராஜா வந்தும் ஒரு கடலை கூடுதலா வராது. அதுக்கு நேர் எதிரா எப்பவுமே உதார் விடற பார்ட்டி ஒருத்தன் இருப்பான். அவனையும் ரெண்டு நாள்ல கண்டுபிடிச்சு, ஏத்தறப்பல்லாம் ஈடு வெச்சு உரிச்சுடுவாங்க. அப்ப எவ்வளவு உதார் சரியான உதார்?

இதுக்கு விடை இருக்குங்கிறதுதான் ஆச்சரியம். ரெண்டாவதா ஆடறவர், ஜாக்கி கையில இருந்து முதல் ஆள் சும்மா விட்டார்னா, மூணுல ஒரு தடவை உதார் விடணும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஏன்னு இப்ப ராணி வெச்சிருக்கற முதல் ஆள் கண்ணால பாருங்க. நடுவுல மூணு கடலை கிடக்கு. ஒண்ணு வெச்சாதான் திறந்து பார்க்க முடியும். எதிராளி ராஜா வந்தா எப்பவும் ஏத்துவான், ஜாக்கி வந்தா மூணுல ஒரு தடவை ஏத்துவான். ஆக, அவன் நாலு தடவை ஏத்தினா அதுல மூணு நிஜம், ஒண்ணு உதார். நாலு தடவையும் ஈடு வெச்சா மூணு தடவை ஒவ்வொரு கடலையா மூணு போகும், ஒரு தடவை மொத்தமா மூணு வரும். சரிக்குச் சரி! ஈடு வெச்சாலும் அதேதான், வெக்காட்டாலும் அதேதான். எதிராளி மண்டை காயணும்னா அதுதான் அளவு.

முதல் ஆளுக்கும் ஒரு கணக்கு உண்டு. ராணி வந்தா அவர் முதல்லயே ஏத்தக் கூடாது. எதிர்ல ராஜா இருந்தா சிரிச்சுக்கிட்டே ஈடு வெப்பாங்க, ஜாக்கி இருந்தா ஓடிடுவாங்க. ஜெயிச்சா கூடுதலா ஒண்ணும் வராது, தோத்தா கூடுதலா ஒண்ணு போகும். ஜாக்கியை வெச்சு மூணுல ஒரு தடவைக்கு மேல உதார் கூடாது. ஜாக்கியோட எவ்வளவுக்கு உதார் விடறாரோ, அதைப் போல மூணு மடங்கு தடவை நிஜ ராஜாவோட ஏத்தணும். ஒரு பொய்க்கு மூணு உண்மை. இந்த விகிதத்தை வேற எங்கேயும் பயன்படுத்தாதீங்க, முக்கியமா வீட்டுல!

'மூணுல ஒண்ணு'ன்னு மனசுக்குள்ளயே முடிவு பண்ணினா மாட்டிப்பீங்க. நம்ம மூளைக்கு ஒழுங்கில்லாம இருக்கவே தெரியாது. ரெண்டு தடவை சும்மா விட்டு, மூணாவது தடவை கரெக்டா உதார் விடுவோம். ஃப்ரெண்ட் அதையும் கவனிப்பான். கடிகார நொடி முள்ளை ஓரக்கண்ணால பாருங்க. முதல் இருபது நொடிக்குள்ள இருந்தா உதார், மத்த நாற்பதுல அடக்கி வாசிக்கணும். முள்ளு என்ன சொல்லப் போகுதுன்னு உங்களுக்கே தெரியாது, அவனுக்கு எப்படித் தெரியும்?

ரெண்டு பேருமே துளி தப்பு இல்லாம ஆடினா என்ன ஆகும்? சராசரியா 18 ரவுண்டுக்கு ஒரு கடலை முதல் ஆள்கிட்டேருந்து ரெண்டாவது ஆளுக்குப் போகும். முதல்ல பேசறவர் கொஞ்சம் கூடுதலா தன்னைக் காட்டிக்கொடுக்கறார், அதுக்கான விலை. அதனால மாத்தி மாத்தி முதல்ல ஆடுங்க. நீண்ட நாள்ல சமமா வந்து நிக்கும்.

இப்ப ஒரு மூணாவது ஃப்ரெண்ட் வர்றான்னு வெச்சுக்கோங்க. "மச்சி, நானே கலைச்சுப் போடறேன், நானே கணக்கு பாக்கறேன். ஒவ்வொரு ரவுண்டுலயும் நடுவுல சேர்ற கடலையில பத்துல ஒரு பங்கு மட்டும் எனக்கு." பாவம், சின்னப் பங்குதானேன்னு தோணும். கணக்கு போடுங்க. ஒரு ரவுண்டுல குறைஞ்சது ரெண்டு கடலை நடுவுல சேரும். அதுல பத்துல ஒண்ணுன்னா 0.2 கடலை. 18 ரவுண்டுக்கு 3.6. அதே 18 ரவுண்டுல, நல்ல இடத்துல உட்கார்ந்து பிசகாம ஆடறவருக்கு லாபமே 1 கடலைதான். பங்குல ஏறக்குறைய பாதி அவர் தலையில விழுந்தாலும் 1.8 போச்சு. ஆக, ஜெயிக்கற ஆளும் மைனஸ், தோக்கற ஆளும் மைனஸ். ஆடாத மூணாவது ஆள் மட்டும் உட்கார்ந்து கடலை சாப்பிடறான்!

செல்போன்ல காசு கட்டி ஆடின ரம்மியோட கதையும் இதேதான். அதுல பத்துல ஒண்ணா, வேற அளவாங்கிறது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கணக்கு ஓடற திசை மாறாது.

ரம்மி மட்டமான ஆட்டம்னு நான் சொல்லலை. ரெண்டு பேர் நேருக்கு நேர் உட்கார்ந்து ஆடற ரம்மி நிஜமாவே நல்ல துப்பறியற ஆட்டம். கும்மிடிப்பூண்டி லைன் எலெக்ட்ரிக் ட்ரெயின்ல ஒரு வாட்டி கவனிச்சுப் பாருங்க. முழங்கால் மேல நியூஸ் பேப்பரை விரிச்சு ஆடற பெரியவங்க தன் கையைவிட எதிராளி கையைத்தான் அதிகம் பார்ப்பாங்க. நீங்க போட்ட டைமண்ட் 7-ஐ எடுத்துட்டாரா? இனி டைமண்ட் 6, 8, வேற 7 எதையும் தெரியாத்தனமா போடக் கூடாது. இஸ்பேடு 9-ஐ அசால்ட்டா போட்டாரா? அந்த ஏரியாவுல அவருக்கு வேலை இல்லை. எடுத்ததும் தடயம், விட்டதும் தடயம். 1967-ல உச்ச நீதிமன்றம் செகந்திராபாத் கிளப் ஒண்ணோட வழக்குல சொன்னதும் கிட்டத்தட்ட இதைத்தான். விழற சீட்டை ஞாபகம் வெச்சுக்கணும், எதை வெச்சுக்கறது எதை விடறதுன்னு யோசிக்கணும், அதனால ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம்னு தீர்ப்பு. பிற்காலத்துல ஆன்லைன் கம்பெனிகள் கையில பிடிச்சுக்கிட்டு வந்தது இந்தத் தீர்ப்பைத்தான். ஆனா அதே தீர்ப்புல இன்னொரு விஷயமும் இருக்கு. காசு வெச்சு ஆடற ஆட்டத்துலேருந்து இடத்துக்காரர் லாபம் பார்த்தா அது குற்றமாகலாம். அந்த மூணாவது ஃப்ரெண்டை 1967-லயே பார்த்துட்டாங்க!

தமிழ்நாட்டுல இந்த விவகாரம் எத்தனை குடும்பத்தை அழ வெச்சுதுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடன், தற்கொலைன்னு செய்தி வராத மாசமே இல்லாம இருந்த காலம் உண்டு. 2022-ல சட்டமன்றம் தடைச் சட்டம் போட்டுச்சு. கவர்னர் திருப்பி அனுப்பி, மறுபடி நிறைவேறி, 2023 ஏப்ரல்ல ஒப்புதல் வந்தது. அதே வருஷம் நவம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏத்துக்கிட்டு, ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியல்ல சேர்த்தது மட்டும் செல்லாதுன்னுச்சு. 2025-ல ராத்திரி 12 மணியிலேருந்து காலை 5 மணி வரைக்கும் காசு ஆட்டத்துக்கு லாக்-அவுட்னு மாநில விதி வந்தது. அந்த ஆகஸ்ட்லயே நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, ஆன்லைன்ல காசு வெச்சு ஆடறதுக்கே தடை போட்டு சட்டம் கொண்டுவந்தது. அதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். நம்ம கணக்குப்படி பார்த்தா போன்ல ஆடறப்ப எது காணாமப் போகுதுன்னு யோசிங்க. எதிராளி மூஞ்சி இல்லை. அவன் தயங்கறது, எச்சில் முழுங்கறது, சீட்டை மாத்தி அடுக்கறது எதுவும் தெரியாது. கட்டைக் கலைக்கறது உங்க கண்ணு முன்னாடி இல்லை. நம்ம ஆட்டத்துல நடுவுல கவுந்து கிடக்கற சீட்டு ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி தெரியாது, ஆட்டம் முடிஞ்சதும் ரெண்டு பேரும் திறந்து பார்க்கலாம். அங்கே அது ஏதோ ஒரு சர்வருக்குள்ள இருக்கு. அவங்க ஏமாத்தினாங்கன்னு நான் சொல்லலை. ஏமாத்தினாங்களா இல்லையான்னு துப்பறிய உங்க கையில ஒரு தடயமும் இல்லைன்னு சொல்றேன். துப்பறியற ஆட்டத்துல அது போனா என்ன மிச்சம்?

உதாரே வேணாம், சுத்தமான மூளை வேலை போதும்னு சொல்ற மக்களுக்கு ஒரு ஆட்டம். நாலு ஜாதியிலயும் ஏஸ் முதல் 6 வரைக்கும் எடுத்துக்கோங்க, 24 சீட்டு. ஒருத்தர் அதுல நாலை வரிசையா கவுத்து வெக்கணும். ஜாதி கணக்கில்லை, நம்பர் மட்டும். ஒரே நம்பர் திரும்ப வரலாம். இன்னொருத்தர் நாலு நம்பர் சொல்லணும். 'இத்தனை நம்பர் சரியான இடம், இத்தனை நம்பர் இருக்கு ஆனா இடம் தப்பு'ன்னு மட்டும் பதில். கடைசி பெஞ்ச்ல பேப்பர்ல ஆடியிருப்பீங்க. 1970-கள்ல 'மாஸ்டர்மைண்ட்'னு கலர் கலர் குண்டூசி வெச்சு உலகம் பூரா வித்த ஆட்டமும் இதேதான். மொத்தம் 1,296 வரிசை சாத்தியம். 1977-ல டொனால்டு நூத்ங்கிற கம்ப்யூட்டர் விஞ்ஞானி, எந்த வரிசையா இருந்தாலும் அஞ்சே கேள்விக்குள்ள பிடிச்சுடலாம்னு நிரூபிச்சார். நீங்க ஏழுல பிடிச்சாலே காலரைத் தூக்கி விட்டுக்கலாம்.

இனி இந்த வாரத்து மெயின் மேட்டர். எம்.சி. ரோட்டுல சட்டை வாங்கினா உள்ளே ஒரு அட்டை வருமே, அதை வெட்டி 16 சீட்டு பண்ணுங்க. 2012-ல ஜப்பான்காரர் சீஜி கனாய் வெளியிட்ட 'லவ் லெட்டர்'ங்கிற ஆட்டம் இது. 2019-ல 21 சீட்டோட புதுப் பதிப்பும் வந்தாச்சு. ரெண்டு பேருக்கு எனக்கு என்னவோ பழைய 16-தான் பிடிச்சிருக்கு. பேரெல்லாம் நம்ம ஊருக்குத் தகுந்த மாதிரி மாத்திக்கலாம்.

போலீஸ் 5 சீட்டு, மதிப்பு 1. பூசாரி 2 சீட்டு, மதிப்பு 2. ஜமீன்தார் 2 சீட்டு, மதிப்பு 3. தோழி 2 சீட்டு, மதிப்பு 4. இளவரசன் 2 சீட்டு, மதிப்பு 5. அப்புறம் ராஜா 6, மகாராணி 7, இளவரசி 8, மூணுலயும் ஒவ்வொண்ணுதான். கலைச்சு ஒரு சீட்டை யாரும் பார்க்காம கவுத்து வெச்சுடுங்க. ரெண்டு பேர் ஆட்டம்னா இன்னும் மூணு சீட்டை ரெண்டு பேரும் பார்க்கத் திறந்து வெக்கணும். ஆளுக்கு ஒண்ணு. மிச்சம் பத்து கட்டுல. உங்க டர்ன் வந்தா கட்டுலேருந்து ஒண்ணு எடுக்கணும், கையில இருக்கற ரெண்டுல ஒண்ணை இறக்கணும். இறக்கின சீட்டு வேலை செய்யும்.

போலீஸை இறக்கினா எதிராளி கையில என்னன்னு ஒரு பேர் சொல்லலாம். சரியா இருந்தா அவர் அவுட். 'போலீஸ்'னு மட்டும் சொல்லக் கூடாது. பூசாரி எதிராளி சீட்டை எட்டிப் பார்க்க வைப்பார். ஜமீன்தார் வந்தா ரெண்டு பேரும் கைச் சீட்டை ஒப்பிட்டு, சின்ன மதிப்பு அவுட். தோழியை இறக்கினா உங்க அடுத்த டர்ன் வரைக்கும் உங்களை யாரும் எதுவும் பண்ண முடியாது. இளவரசன் வந்தா யாரோ ஒருத்தர், நீங்களாவே கூட இருக்கலாம், கைச் சீட்டைக் கீழ போட்டுட்டு புதுசு எடுக்கணும். ராஜான்னா கைச் சீட்டு பரிமாற்றம். மகாராணி தானா ஒண்ணும் பண்ண மாட்டாங்க. ஆனா கையில ராஜாவோ இளவரசனோ கூட இருந்தா மகாராணியைத்தான் இறக்கியாகணும், வேற வழியே இல்லை. இளவரசி? எந்தக் காரணத்துக்காகக் கீழ விழுந்தாலும் வெச்சிருந்தவர் அவுட். கட்டு தீர்ந்தா, கையில பெரிய மதிப்பு வெச்சிருக்கறவருக்கு ரவுண்டு. ஏழு ரவுண்டு முதல்ல ஜெயிக்கறவர் மேட்ச் வின்னர்.

இப்ப ஒரு சீன். திறந்து வெச்ச மூணு: போலீஸ், போலீஸ், இளவரசன். உங்க கையில பூசாரி. ஃப்ரெண்ட் முதல்ல ஆடறான். எடுத்த எடுப்புலயே மகாராணியை இறக்கறான். நீங்க ஒண்ணு எடுக்கறீங்க, போலீஸ் வருது. என்ன பண்ணுவீங்க?

உங்க கண்ணுக்குத் தெரியாத சீட்டு மொத்தம் பத்து: போலீஸ் 2, பூசாரி 1, ஜமீன்தார் 2, தோழி 2, இளவரசன் 1, ராஜா 1, இளவரசி 1. அவன் கையில இருக்கறது இதுல ஒண்ணு. வெறும் எண்ணிக்கையை மட்டும் பார்த்தா ஜமீன்தார் இல்லை தோழின்னு சொல்லத் தோணும், ரெண்டு ரெண்டு இருக்கே! ஆனா அவன் 7 மதிப்புள்ள மகாராணியைத் தூக்கிப் போட்டான். சும்மாவா போடுவான்? ராஜா இல்லைன்னா இளவரசன் கையில இருந்து போட வேண்டிய கட்டாயம். இல்லை இளவரசி இருக்கு, அதை இறக்கினா செத்தான். பத்து சீட்டு சட்டுனு மூணா சுருங்கிடுச்சு பாருங்க.

போலீஸை இறக்கி மூணுல ஒண்ணைச் சொல்லிப் பார்க்கலாம். நானா இருந்தா பூசாரியை இறக்கி எட்டிப் பார்ப்பேன். இளவரசின்னு தெரிஞ்சா அவன் அதை அடுத்த டர்ன்ல இறக்க முடியாது. என் கையில மிச்சம் இருக்கற போலீஸை அவனோட போலீஸ் பேர் சொல்லிப் பிடிக்கவும் முடியாது. ஆனா அவனுக்கு தோழியோ ஜமீன்தாரோ இளவரசனோ வந்து தொலைச்சா கதை கந்தல். ராஜாவோ இளவரசனோ இருந்தா அவன் அடுத்த டர்ன்லயே அதை இறக்கித் தப்பிச்சுடலாம், பார்த்தது வீண். இதுல எது சரின்னு ஒரு மணி நேரம் கேன்டீன்ல கத்திச் சண்டை போடலாம், போட்டுமிருக்கோம்.

இன்னொண்ணும் இருக்கு. அவன் கையில வெறும் போலீஸ் இருந்து, உங்களைக் குழப்பறதுக்காகவே மகாராணியை வீசியிருந்தா? கட்டாயம் வந்தா மட்டுமே மகாராணியை இறக்கற ஆளு, அந்த நல்ல பையன் மாதிரி, சீக்கிரமே படிச்ச புஸ்தகம் ஆயிடுவான். அதனால நல்லா ஆடறவன் எப்பவாவது வேணும்னே இறக்குவான். எவ்வளவு எப்பவாவதுன்னு கூனுக்கு மூணு சீட்டுல கணக்கு போட முடிஞ்சுது. 16 சீட்டுல நீங்களும் நானும் கையாலே போட முடியாது. ஆடித்தான் பிடிபடணும்.

கடைசியா ஒரு புதிர். இதுல உதாருக்கு இடமில்லை, நூத்துக்கு நூறு உறுதியான பதில் இருக்கு. ஆட்டம் ஆரம்பிக்கறப்ப திறந்த மூணு: இளவரசி, ஜமீன்தார், ஜமீன்தார். ஃப்ரெண்ட் இப்பதான் இளவரசனை இறக்கி, உங்க கைச் சீட்டைக் கீழ போட வெச்சான். நீங்க புதுசு எடுத்தீங்க. அடுத்து உங்க டர்ன், கட்டுல இருந்த கடைசிச் சீட்டையும் எடுத்தாச்சு. உங்க கையில ஒரு போலீஸ், ஒரு பூசாரி. மேசையில 12 சீட்டு திறந்து கிடக்கு. எண்ணிப் பார்த்தா காணாத சீட்டு ரெண்டே ரெண்டு: ராஜா, மகாராணி. ஒண்ணு ஃப்ரெண்ட் கையில, இன்னொண்ணு நடுவுல கவுந்து கிடக்கு. போலீஸை இறக்கி தப்பாச் சொன்னீங்கன்னா, கட்டு தீர்ந்ததால கைச் சீட்டை ஒப்பிடணும், உங்க பூசாரி தோத்துடுவார். பக்கத்துல நின்னு வேடிக்கை பார்க்கறவன் "ஃபிஃப்டி ஃபிஃப்டி மச்சி, எதையாவது சொல்லு"ங்கறான். ஃபிஃப்டி ஃபிஃப்டி இல்லை. என்ன சொல்லுவீங்க? விடை அடுத்த வாரம்.